குளிர்த்தண்ணீரில் மீசை

போன மாதம் ஜோஷ் தொலைபேசியில் அழைத்தான். நான் வேலை செய்த கம்பனிக்கு இப்போது அவன்தான் மேனேஜர். ஓய்வு பெற்றவனைப் பழைய கம்பனி தேடுகிறது என்றால், யாரோ செத்திருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு சாவி காணாமல் போயிருக்கும். இது இரண்டுமில்லை.

“குணா, எங்களுக்கு ஒரு தாடிப் பிரச்சினை,” என்றான்.

தண்ணீருக்கடியில் வேலை செய்யப் புதிதாகச் சேர்ந்த சுழியோடிகள் அத்தனை பேரும் தாடிக்காரர்களாம். கம்பனியோ முகம் முழுவதையும் மூடும் புது மாஸ்க் வாங்கி வைத்திருக்கிறது. தாடி மயிரின் மேல் மாஸ்க்கின் ரப்பர் ஒட்டாது, இடுக்கால் தண்ணீர் வரும். வழிக்கச் சொன்னால் ஒருவரும் கேட்கிறார்களில்லை. “இந்த விஷயத்தில் அனுபவம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான். வந்து அவர்களோடு பேசுங்கள்,” என்றான்.

என் வாழ்க்கையில் பாதியை ஒக்லாந்துத் துறைமுகத்தின் அடியில் கழித்தவன் நான். கப்பல்களின் வயிற்றைச் சுரண்டியிருக்கிறேன். துறைமேடையின் தூண்களைத் தடவித் தடவி வெடிப்புத் தேடியிருக்கிறேன். படகுக்காரர்கள் தவறவிட்ட கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, ஒருமுறை பல்செட் வரைக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு கம்பனி என்னை ஞாபகம் வைத்திருப்பது மீசைக்காக. போய்ப் பேசினேன். அவர்களிடம் சொன்னது பாதி. மற்றப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் சுழியோடியான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். யாழ்ப்பாணத்தான் என்றதும், பிறந்த அன்றே கடலில் எறியப்பட்டவன் என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டார்கள். நான் உடுப்பிட்டிக்காரன். எங்கள் வீட்டில் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புதான். நீச்சல் பழகியது கிணற்றில், சுழியோடப் பழகியது கிணற்றுக்குள் விழுந்த வாளிகளை எடுத்து. அகதியாக வந்து மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, துறைமுக வேலைக்குச் சுழியோடிகளைப் பயிற்றுவிக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்தேன். வாளி எடுத்த அனுபவத்தையும் எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள்.

நம்மவர்கள் மத்தியில் இந்த வேலைக்கு மதிப்பு எப்படி என்றால், ஊரில் சுழியன் என்றால் குறுக்கு மூளைக்காரன். “என்ன சுழியன், எப்பிடி?” என்று கோயில் வாசலில் கேட்பார்கள். என் மனைவி வசந்தி இதைத் தாங்கமாட்டாமல், நான் மரீன் எஞ்சினியர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு கலியாண வீட்டில் உண்மையான மரீன் எஞ்சினியர் ஒருவர் என்னிடம் வந்து எந்தக் கப்பல் என்று கேட்டார். எல்லாக் கப்பலும் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கடியில் யாரும் எந்த ஊர், யாருடைய மகன், விசா என்ன மாதிரி, பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறானா என்று கேட்பதில்லை. என் மூச்சின் சத்தம் மட்டும் கேட்கும். அகதி முகாம், விண்ணப்பம், தொழிற்சாலைச் சங்கு எல்லாம் கேட்டு வந்த காதுக்கு அது பெரிய நிம்மதி.

எங்கள் மேற்பார்வையாளர் கிளெனிஸ். முன்பு கடற்படையில் இருந்தவர், உருண்டு திரண்ட பெண்மணி, குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். படகில் அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் எல்லோரும் தேநீரைக் கீழே வைத்துவிடுவோம். நல்ல வேலைக்கு “நாட் பேட்” என்பார். அதற்கு மேல் புகழ்ச்சி அவரிடம் கையிருப்பில் இல்லை. எனக்கு மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். “நான் உன் பள்ளிக்கூட டீச்சர் இல்லை,” என்று முதல் வருடம் சொன்னார். இரண்டாம் வருடமும் சொன்னார். அதற்குப் பிறகு மிஸ் என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். என் பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. குணா என்று சொன்னால் இந்த நாட்டுக் காதில் ‘கன்னா’ என்று விழும். செய்யப்போகிறேன், செய்யப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்யாமல் இருப்பவனுக்கு இங்கே அதுதான் பட்டப்பெயராம். கிளெனிஸ் மட்டும் வீட்டில் பழகிப் பார்த்திருப்பார் போலும், குணா என்று திருத்தமாகவே சொல்வார்.

ஒவ்வொரு குளிர்காலமும் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. துறைமேடைப் படியடியில், தண்ணீருக்குள், மாஸ்க்கை நாமாகவே தண்ணீரால் நிரப்பி நாமாகவே வெளியேற்றிக் காட்ட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். மூச்சு எடுப்பது வாயால், மூக்கு மாஸ்க்குக்குள் இருக்கிறது. முகத்தை நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை விரல்களால் நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். காற்று மேலே நின்று தண்ணீரைக் கீழே தள்ளும். தண்ணீர் மேலுதட்டுப் பக்கமாக வெளியேறும்.

கோடையில் இதை யாரும் செய்வார்கள். இந்த நாட்டில் குளிர்காலம் ஆகஸ்டில், அந்தத் தண்ணீர் மூக்கில் ஏறும்போதுதான் தெரியும். உடம்பு நம்மிடம் அனுமதி கேட்காமலே பெரிய மூச்சொன்றை இழுக்கப் பார்க்கும். அதை மூக்கால் இழுத்தால் கதை கந்தல். அதனால் கிளெனிஸ் ஒரு முறை வைத்திருந்தார். மாஸ்க் நிரம்பியதும் ஊத அவசரப்படக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, வாயால் ஆறுதலாக மூச்சு எடுத்து, முகம் அந்தக் குளிரை ஒத்துக்கொள்ளும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகுதான் கை மாஸ்க்குக்குப் போகலாம். “தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. இனி என்ன அவசரம்?” என்பார். சோதனையில் கையை முந்தித் தூக்கியவர்களை மேலே ஏற்றிவிட்டு மறுபடியும் இறக்குவார்.

இதற்கு மேல் ஹூட் வேறு. தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே விடும் தடித்த ரப்பர் தொப்பி. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் போடும் குரங்குத் தொப்பியின் மூத்த அண்ணன். ஒரு வருடம் கம்பனி புதிய ஹூட் வாங்கியது, பழையதைவிட இரண்டு மடங்கு தடிப்பு. தலை சூடாக இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

அந்த வருடச் சோதனையில் நான் தோற்றேன். மாஸ்க்கை நிரப்பினேன், காத்திருந்தேன், ஊதினேன், தண்ணீர் போகவில்லை. மறுபடி ஊதினேன். மூக்கு மட்டத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் எங்கேயோ போனது, தண்ணீர் மட்டும் போகவில்லை. மேலே வந்தபோது என் ஹூட்டின் உச்சி காற்றடைத்துக் கோபுரம் மாதிரிக் கிளம்பி நின்றதாம். படகில் எல்லோரும் சிரித்தார்கள். கிளெனிஸ் சிரிக்காமல் என் மேலுதட்டைப் பார்த்தார்.

மீசையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெரிய மீசை இல்லை. நடுத்தரம், ஓரம் சற்றுக் கீழிறங்கியது, உடுப்பிட்டியில் தபாலதிபர்களும் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களும் வைத்திருக்கும் ரகம். எங்கள் அப்பா தபாலதிபராக இருந்தவர். அவர் முகத்தில் இருந்ததைத்தான் நான் என் முகத்தில் தொடர்ந்தேன். அந்த மீசையால் முன்பும் மாஸ்க்கில் கொஞ்சம் கசிவு வரும். மயிருக்குள்ளால் சொட்டுச் சொட்டாக வரும், ஒருமுறை ஊதினால் போய்விடும். அது எனக்குப் பழக்கம்.

“மீசை,” என்றார் கிளெனிஸ், தாழ்ந்த குரலில். “மாத முடிவுக்குள் மறுசோதனை. தோற்றால் கரை வேலை.”

கரை வேலை என்றால் மற்றவன் இறங்க, நாம் மேலே நின்று கயிறு பிடிப்பது. எனக்கு அது மறுபடி தொழிற்சாலைக்குப் போய்ப் பெட்டி கட்டுவது போலத்தான்.

அந்த வாரம் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. அப்போது ஜோஷ்தான் பாதுகாப்பு அலுவலர், படிப்பு முடித்து நேரே வந்தவன், முகத்தில் ஒரு மயிர் கிடையாது. வெள்ளைப் பலகையில் அந்த மாதத்து ஆபத்துகளை எழுதினான்: வழுக்கும் தளம், திருக்கை, மீசை. பிறகு என் பக்கம் திரும்பி, யார் மனமும் நோகக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த குரலில் கேட்டான்.

“குணா, இது மத மீசையா, கலாசார மீசையா, இல்லை சும்மா மீசையா?”

மத மீசை என்றால் அதற்கு ஒரு விதி இருக்கிறதாம். கலாசார மீசைக்கு வேறொரு விதி. சும்மா மீசை என்றால் சவரக்கத்தி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறந்ததிலிருந்து சைவன், ஆனால் என் மீசை எந்தச் சமயம் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரிடம் கேட்டேன். மழுமழுவென்று சவரம் செய்த முகத்தைத் தடவிக்கொண்டு அவர் யோசித்தார்.

“முருகனுக்கு மீசை இல்லை. பிள்ளையாருக்குக் கேக்கவே தேவையில்லை. வைரவருக்கு இருக்கு. வைரவர் எண்டு எழுதிக் குடுங்கோவன்.”

“வைரவர் தண்ணிக்குள்ள இறங்கின கதை ஏதும் இருக்கோ ஐயா?”

“அது இல்லை,” என்றார் வருத்தத்தோடு.

உண்மையான தடை சமயம் இல்லை. எங்களில் ஒருவன் மீசையை வழித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாயோ தகப்பனோ போய்விட்டார்கள், பிள்ளை கொள்ளி வைத்தாயிற்று. அம்மாவுக்காக நான் ஏற்கெனவே ஒருமுறை வழித்துவிட்டேன். மிச்சமிருந்த ஒரே காரணம் அப்பா. அவரோ உடுப்பிட்டியில் இருமிக்கொண்டு, தம்பியை ஏசிக்கொண்டு, உயிரோடு இருந்தார். தகப்பன் இருக்க மீசை வழிப்பது அவரை முன்கூட்டியே வழியனுப்புவது போல. இதை ஜோஷின் எந்த விதிக்குள் எழுதுவது?

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று எங்களில் ஒரு பழமொழி உண்டு. கூழ் குடித்தால் மீசையில் ஒட்டும், மீசையைக் காப்பாற்றினால் கூழ் இல்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவன் ஒரு சுழியோடியாகத்தான் இருக்க வேண்டும். மாதம் முடிய வந்தது. சனிக்கிழமை காலை, தகனினி என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வழித்தேன்.

வெளியே வந்ததும் வசந்தி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். “ஐயோ! மாமாவுக்கு என்ன?”

“மாமாவுக்கு ஒண்டுமில்லை. மாஸ்க்குக்கு.”

“விசரா உங்களுக்கு? இந்த முகத்தோட வெளியில போகாதையுங்கோ.”

போகாமல் இருந்திருக்கலாம். பால் முடிந்துவிட்டது. மூலையில் இருந்த டெய்ரிக்கு, அதாவது சின்னப் பலசரக்குக் கடைக்குப் போனேன். அங்கே எங்கள் சங்கத் தலைவர் சிவலிங்கம் அண்ணை பாண் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பாணை வைத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“ஆர்?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. இது வேலை விஷயம்.”

“கவலையை உள்ளுக்கை வைச்சிருக்காதை. ஐயாவே?”

“இல்லை அண்ணை, அப்பா சுகம்.”

“ஓம், ஓம். இனி அவருக்குச் சுகம்தான்,” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பத்துப்பேருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால் சங்கத்தின் மின்னஞ்சலைவிடச் சிவலிங்கம் அண்ணை வேகம். மத்தியானத்துக்குள் தொலைபேசி மணி நிற்கவில்லை. எடுத்தால் வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை, ஒரே ஒரு சொல்: “ஆர்?” பாபகூராவிலிருந்து ஒரு குடும்பம் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தது, செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று. அடுப்பில் வசந்தி வைத்த ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையோடு அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பக்கத்து வீட்டு ரகு, சென்னைக்காரர், ஐ.டி.யில் வேலை செய்பவர், செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார்.

“சார், இப்பதான் கேள்விப்பட்டேன். அப்பாவா சார்? ஏதாவது உதவின்னா தயங்காம சொல்லுங்க. ஃபிளைட் டிக்கெட் நான் பாக்கவா?”

“ரகு, ஒருத்தரும் சாகேல்லை. மாஸ்க்குக்குள்ள தண்ணி வருது எண்டு மீசையை எடுத்தனான்.”

“ஆமா சார்,” என்றார் அவர், கண் கலங்க. “முதல்ல இப்படித்தான் சார் இருக்கும். மனசு ஏத்துக்காது.”

இதெல்லாம் ஒக்லாந்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிவலிங்கம் அண்ணையின் மச்சான் ஒருவர் உடுப்பிட்டியில் இருக்கிறார். அண்ணை அவருக்கு எடுத்துச் சொல்ல, அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, செத்தவீடு எத்தனை மணிக்கு என்று கேட்க எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கேற்றைத் திறந்தது அப்பா.

“ஆர் மோசம் போனது?” என்று அப்பா கேட்டிருக்கிறார்.

“நீங்கள்தான் எண்டு சொல்லிச்சினம்,” என்றிருக்கிறார் அவர்.

அன்று பின்னேரம் தம்பியின் கைத்தொலைபேசியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் எடுத்தேன். திரையில் அப்பாவின் மீசை முதலில் வந்தது, பிறகு அப்பா வந்தார்.

“கையை எடு.”

எடுத்தேன். அவர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

“டேய், நான் இன்னும் சாகேல்லை.”

“தெரியும் அப்பா. வேலையில…” என்று தொடங்கி மாஸ்க், ஹூட், கிளெனிஸ், ஜோஷ், வைரவர் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“தன்ர செத்தவீட்டில மூத்தவன் எப்பிடி இருப்பான் எண்டு பாத்திட்டுப் போற குடுப்பினை ஆருக்கடா கிடைக்கும்? நான் பாத்திட்டன். நல்லாத்தான் கிடக்கு.” பிறகு குரல் சற்று மாறியது. “ஒண்டு சொல்லிப் போடுறன். உண்மையா வரேக்க, நீ வருவாய் எண்டு என்னை ஐஸில வைச்சுக் காவல் இருக்க வேண்டாம். குளிருக்குள்ள கிடக்கிறது உன்ர தொழில். எனக்கு அது சரிவராது. தம்பி எரிக்கட்டும்.”

“சும்மா இருங்கோ அப்பா.”

“சும்மாதான் இருக்கிறன். செத்தது எண்டெல்லே சொல்லுறாங்கள்,” என்று தொலைபேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மறுசோதனை. தகப்பனைப் பறிகொடுத்தவன் போன்ற மீசையில்லாத முகத்தோடு படியால் இறங்கினேன். மாஸ்க்கை நிரப்பினேன். காத்திருந்தேன். முகம் குளிரை ஒத்துக்கொண்டது. நிமிர்ந்து, விளிம்பை அழுத்தி, ஊதினேன்.

தண்ணீர் போகவில்லை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீம்பு பேசலாம். எனக்கு அதற்கும் மீசை இல்லை. தண்ணீருக்கடியில் நின்று, வைரவரிலிருந்து ஜோஷ் வரை எல்லோரையும் வாய்க்குள் ஏசினேன்.

அப்போது பக்கத்தில் தண்ணீர் கலங்கியது. கிளெனிஸ் தானே இறங்கி வந்திருந்தார். எங்கள் துறைமுகத் தண்ணீரில் கையை நீட்டினால் விரல் தெரியாது. அவர் என் மாஸ்க்கோடு தன் மாஸ்க் முட்டும் வரை நெருங்கினார். கையுறையைக் கழற்றினார். அந்தக் குளிரில் கையுறை கழற்றுவது சின்ன விஷயம் இல்லை. வெறும் விரலால் என் மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தார். கன்னம், மூக்கடி, மறுகன்னம். நெற்றியில் விரல் நின்றது. புது ஹூட்டின் தடித்த ஓரம் மாஸ்க்கின் ரப்பருக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மடிந்து கிடந்தது. கையுறை போட்ட என் விரலுக்கு அது தெரிந்ததேயில்லை. நான் ஊதிய காற்றெல்லாம் அந்த வழியால் ஹூட்டுக்குள் ஏறிக் கோபுரம் கட்டியிருக்கிறது. காற்று நிற்காவிட்டால் தண்ணீர் எப்படிக் கீழே போகும்? அவர் ஹூட்டை இழுத்து வெளியே விட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஊதினேன். கண் திறந்தபோது மாஸ்க் காலியாக இருந்தது, கண்ணாடிக்கு அப்பால் கலங்கிய பச்சை.

மீசைக் கசிவில் தண்ணீர் கீழிருந்து வரும், ஊதினால் போகும். இது மேலே காற்றுப் போன கசிவு. கோபுரத்தை முதல் நாளே எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். ஆனால் கண்முன்னால் ஒரு மீசை இருக்கும்போது யார் நெற்றியைப் பார்ப்பார்கள்? கிளெனிஸே பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை.

படகில் ஏறியதும் அவர் நீலம் பாரித்த விரல்களைத் தேநீர்க் கோப்பையில் சூடாக்கிக்கொண்டு, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார். “மீசை இல்லை.” பிறகு, “நான் பார்த்திருக்க வேண்டும்.”

வீட்டில் நடந்ததை அவரிடம் சொன்னேன். இடியப்பம், ரகுவின் டிக்கெட், கேற்றைத் திறந்த அப்பா, எல்லாம். எல்லோரும் ஆர் என்று கேட்டதைச் சொன்னபோது அவர், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எப்படிச் சொல்வது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஜோஷுக்கும் மற்றவர்களுக்கும் அது பெரிய விருந்தாகிவிட்டது. படங்களில் வரும் ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரன் இப்படித்தான் உறுமுவானாம். பல மாதம் நான் படகில் கால் வைத்தாலே “ஆர்ர்ர்!” என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கத்துவார்கள். கிளெனிஸ் மட்டும் ஒருநாளும் கத்தவில்லை. வெள்ளைப் பலகையில் மீசையை அழித்துவிட்டு ஹூட் என்று எழுதினார்கள். என் மீசை அதன்பாட்டில் வளர்ந்தது, பழைய இடத்துக்கே வந்தது, பழையபடி கசிந்தது.

போன மாதம் தாடிக்காரர்களுக்கு முன்னால் நான் சொன்னது இவ்வளவுதான். ஜோஷ் தலைமை தாங்கினான். அவன் முகத்திலும் இப்போது நெஞ்சைத் தொடும் தாடி இருக்கிறது. அது மத தாடியா, கலாசார தாடியா என்று கேட்டேன். தாடியை எடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் எடுக்கும் முன் ஹூட்டைப் பாருங்கள் என்று முடித்தேன். கேள்வி நேரத்தில் ஒரு பெண், அந்தக் கூட்டத்தில் தாடியில்லாத ஒரே ஆள், எழுந்து கேட்டாள். “உங்கள் மாஸ்க்குக்குள் ஒரு சொட்டும் கசியாத நாள் என்று ஒன்று இருந்ததா?”

இருந்தது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள், தேநீருக்குப் போய்விட்டார்கள்.

அவர்களிடம் சொல்லாத மற்றப் பாதி அந்த நாள்தான். அது மீசை மறுபடி வளர்ந்து சில குளிர்காலங்கள் கழிந்த பிறகு. தம்பி அழைத்தான், அழுதான். நான் அடுத்த விமானத்தைப் பார்க்கிறேன் என்றேன். “வேண்டாம் அண்ணா. ஐஸில வைக்க வேண்டாம் எண்டு எங்களட்டைச் சத்தியம் வாங்கினவர்,” என்றான். அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோனதைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தேன். படம் இடையிடையே நின்று நின்று போனது. பிறகு அதே குளியலறையில், அதே கண்ணாடியில் வழித்தேன். இந்தமுறை வெளியே வந்தபோது வசந்தி எதுவும் கேட்கவில்லை. வீடு ஆட்களால் நிறைந்தது. இடியப்பம் வந்தது. எல்லோரும் சரியாகத்தான் கேட்டார்கள், சரியாகத்தான் அழுதார்கள். எனக்குத்தான் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. கம்பனிக்குக் காரணம் சொல்லாமல் எடுத்த விடுமுறை முடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டேன்.

படகில் ஜோஷ்தான் முதலில் பார்த்தான். “ஓ, குணா! பத்து வயது குறைந்துவிட்டது, மேட்!” மற்றவர்களும் விசிலடித்தார்கள். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கிளெனிஸ் நிமிர்ந்தார். என் மேலுதட்டைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார்.

“ஆர்?” என்றார்.

உறுமல் இல்லை. சிவலிங்கம் அண்ணை கேட்ட மாதிரியே, சின்னதாக, தமிழில்.

“அப்பா, மிஸ்.”

அவர் என்னை அணைக்கவில்லை, அது அவர் வழக்கமில்லை. இன்றைக்கு இறங்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். கையுறையைக் கழற்றி, புதுப்பையனுக்குச் செய்வதுபோல என் ஹூட்டின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்.

கீழே தூண்களைப் பார்க்கும் வேலை. மாஸ்க் அன்று ஒட்டிய ஒட்டு, என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒட்டியதில்லை. மீசை இல்லை, ஹூட் சரியாக நின்றது, வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் இரண்டாம் தூணடியில் எனக்குக் கண் தெரியவில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் நின்றது. துறைமுகத் தண்ணீர் போலக் குளிரவில்லை, சூடாக இருந்தது. நான் கையை அவசரமாகத் தூக்கவில்லை. தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது, இனி என்ன அவசரம் என்று கண்ணை மூடிக்கொண்டு, வாயால் மூச்சு எடுத்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றேன். பிறகு நிமிர்ந்து, விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதினேன். அது மறுபடி நிறைந்தது. மறுபடி ஊதினேன்.

மேலே நிற்பவருக்கு நம் குமிழிகள் தெரியும். வாயால் விடும் குமிழி வேறு, மாஸ்க்கிலிருந்து வரும் குமிழி வேறு. கிளெனிஸுக்கு இரண்டும் தெரியும். நான் ஏறியபோது அவர் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்.

“கசிந்ததா?” என்றார்.

“ஓம், மிஸ்.”

“ஹூட்டா?”

“இல்லை.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, என் மாஸ்க்கை வாங்கி நல்ல தண்ணீரில் கழுவினார்.